ஐஸ் கிரஷருக்கு டேப்பர் லாக் புஷ்: காசிமேட்டில் செய்த ஒரு வேலையின் பதிவு

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாட்கள் நீடிக்கிறது. காசிமேட்டில் ஐஸ் தொழிற்சாலை நடத்துபவர்களுக்கு, இயந்திரங்களைப் பிரித்துப் பார்க்க ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் நிதானமான காலம் அதுதான். மற்ற மாதங்களில் கிரஷர் ஒரு மணி நேரம் நின்றாலும், படகுக்கு ஐஸ் ஏற்ற வந்தவர்கள் வாசலில் கூடிவிடுவார்கள். ராயபுரத்தில் சிறிய பழுதுபார்ப்புப் பட்டறை வைத்திருக்கும் நான், சென்ற தடைக்காலத்தில் அப்படிப்பட்ட ஒரு தொழிற்சாலையின் ஐஸ் கிரஷரில் மோட்டார்ப் புல்லியையும் கிரஷர்ப் புல்லியையும் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு ஷாஃப்டுகளிலும் டேப்பர் லாக் புஷ் (புல்லியை ஷாஃப்டில் கவ்விப் பிடிக்கும் கூம்பு வடிவக் குழல்) உள்ள புதிய புல்லிகளை மாட்டினேன். அந்த வேலையில் அளந்தவற்றையும் கற்றவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மோட்டார் 10 குதிரைத்திறன், அதாவது 7.5 கிலோவாட், சுற்று நிமிடத்துக்கு 1440, சட்டக அளவு 132, ஷாஃப்ட் விட்டம் 38 மி.மீ. கிரஷரின் ஷாஃப்ட் 50 மி.மீ. அதில் வரிசையாக முட்கள் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. மேலிருந்து தள்ளப்படும் ஐஸ் பாரை அந்த முட்கள் கவ்வி உடைக்கின்றன. பார் முட்களில் விழும் ஒவ்வொரு முறையும் பெல்ட் வழியாகப் புல்லிக்கு ஓர் அடி கிடைக்கிறது. காற்றாடியிலோ தண்ணீர்ப் பம்பிலோ இப்படிப்பட்ட அடி கிடையாது. அவற்றில் ஆண்டுக்கணக்கில் தாங்கும் ஒரு பொருத்தம் இங்கே சில மாதங்களில் தளர்ந்துவிடுவதற்கு இந்த அடியே காரணம்.

உரிமையாளர் என்னை அழைத்தது பெல்ட் அடிக்கடி அறுகிறது என்பதற்காக. நான் பார்த்தபோது பெல்ட்டை விட ஷாஃப்டும் புல்லியும் சேரும் இடமே பேசியது. இரண்டு புல்லிகளின் ஹப் (ஷாஃப்ட் நுழையும் நடுப்பகுதி) ஓரத்திலும் குங்குமம் போன்ற மெல்லிய செம்பொடி படிந்திருந்தது. கடற்காற்றில் பிடிக்கும் சாதாரணத் துரு ஒட்டியே இருக்கும், சுரண்டினால் செதிலாக வரும். இந்தப் பொடியோ விரலில் மாவுபோல ஒட்டியது. ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருக்கும் இரண்டு இரும்பு முகங்கள் கண்ணுக்குத் தெரியாத அளவில் முன்னும் பின்னும் உராயும்போது, உதிரும் துகள்கள் உடனே ஆக்ஸிஜனோடு சேர்ந்து இப்படிப் பொடியாகின்றன. ஹப் ஓரத்தில் இதைப் பார்த்தால், அந்தப் புல்லி ஷாஃப்டின் மேல் அசைகிறது என்று தயங்காமல் சொல்லிவிடலாம். நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்து மோட்டார்ப் புல்லியின் விளிம்பைக் கையால் சுற்றிப் பார்த்தேன், முள் 0.8 மி.மீ. ஆடியது. பெல்ட் அறுவதற்கான விடை அதிலேயே இருந்தது.

பழைய புல்லி நேர்த் துளை உள்ளது. புல்லி ஷாஃப்டின் மேல் தனியே சுழலாமல் தடுக்கும் இரும்புத் துண்டுதான் கீ; இங்கே தலை வைத்த ஜிப் கீயை அடித்து இறக்கிப் புல்லியை நிறுத்தியிருந்தார்கள். ஜிப் கீயின் மேல்முகம் 100-க்கு 1 என்ற சரிவில் இருக்கும். அது ஆப்பு போல ஷாஃப்டுக்கும் ஹப்புக்கும் நடுவே இறங்கிப் பிடித்துக்கொள்ளும். துளையில் கொஞ்சம் இடைவெளி இருந்தாலும் போதும், ஆப்பு புல்லியை ஒரு பக்கமாகத் தள்ளி மையத்தை விலக்கிவிடும். அதன்பின் ஒவ்வொரு சுற்றிலும் பெல்ட் இறுகித் தளர்கிறது, கீயின் இரு பக்கங்களும் இடிபடுகின்றன, கீ அமரும் பள்ளமான கீவே அகலமாகிறது. இதைக் கழற்றுவதும் துன்பம். முன்பு ஒருவர் இதே புல்லியைச் சம்மட்டியால் அடித்துக் கழற்றியிருக்கிறார். அந்த அடி மோட்டாரின் 6208 பேரிங்கின் குண்டுகள் வழியாகப் போய் ஓடுபாதையில் பள்ளம் பதித்திருந்தது. இந்த முறை நான் மூன்று கால் புல்லரை மாட்டி, ஹப்பை மிதமாகச் சூடாக்கி இழுத்தேன். அப்படியும் அரை நாள் போனது.

டேப்பர் லாக் புஷ் என்பது வெளிப்புறம் கூம்பாகக் கடையப்பட்டு, ஓரிடத்தில் நெடுக வெட்டப்பட்ட ஒரு வார்ப்பிரும்புக் குழல். புல்லியின் துளையும் அதே கூம்பு வடிவில் இருக்கும். முழுக் கோணம் 8 டிகிரி, அதாவது பக்கத்துக்கு 4 டிகிரி. புஷ்ஷை ஹப்புக்குள் தள்ளும்போது வெட்டு மூடிக்கொண்டு, புஷ் ஷாஃப்டை எல்லாப் பக்கமும் ஒரே சீராகக் கவ்வுகிறது. தள்ளுவதற்கான ஏற்பாடு எளிமையானது, அழகானது. புஷ்ஷும் ஹப்பும் சந்திக்கும் வட்டத்தில் துளைகள் பாதி புஷ்ஷிலும் பாதி ஹப்பிலுமாக இருக்கின்றன. இறுக்கும் துளைகளில் ஹப் பாதியில் மட்டும் மரை. புஷ் பாதி மரையில்லாமல் அடி மூடியிருக்கும். ஸ்க்ரூ ஹப்பைப் பற்றிக்கொண்டு இறங்கி, புஷ்ஷின் அடியை முட்டி அதை உள்ளே தள்ளும். கழற்றும் துளையில் இதே ஏற்பாடு தலைகீழாக இருக்கும்: மரை புஷ்ஷில், முட்டுவது ஹப்பில். முதன்முறை பொருத்துபவர்கள் தடுமாறும் இடம் இதுவே. மரைப் பாதிக்கு எதிரே மரையில்லாத பாதி வரும்படி புஷ்ஷைச் சுற்றி வைக்க வேண்டும். மரைக்கு எதிரே மரை வந்தால் அது தவறான நிலை.

புஷ்ஷின் மேல் அச்சிட்டிருக்கும் நான்கு இலக்கங்களுக்கும் பொருள் உண்டு. முதல் இரண்டு இலக்கங்கள் அதில் கொள்ளும் அதிகபட்ச ஷாஃப்ட் விட்டத்தை அங்குலத்தின் பத்தில் பங்குகளாகச் சொல்கின்றன. அடுத்த இரண்டு நீளத்தைச் சொல்கின்றன. 2517 என்றால் ஏறத்தாழ 2.5 அங்குல விட்டம், 1.7 அங்குல நீளம்; 3020 என்றால் 3 அங்குலம், 2 அங்குலம். மோட்டாருக்கு 160 மி.மீ. எஸ்பிபி வகை வி-பெல்ட்டுக்கான மூன்று பள்ளப் புல்லியோடு 38 மி.மீ. துளையுள்ள 2517 புஷ்ஷையும், கிரஷருக்கு 400 மி.மீ. புல்லியோடு 50 மி.மீ. துளையுள்ள 3020 புஷ்ஷையும் எடுத்தேன். கிரஷர் நிமிடத்துக்கு 576 சுற்று ஓடும். இரண்டு பெல்ட்டே போதும் என்றுதான் கணக்கு சொன்னது. ஐஸ் பாரின் அடியை நினைத்து மூன்றாக்கினேன்.

கூம்புப் பொருத்தம் காசிமேட்டுக்குப் புதிதன்று. கரையில் ஏற்றி நிறுத்தியிருக்கும் எந்த விசைப்படகின் பின்புறத்தையும் பாருங்கள்; புரொப்பெல்லர் அமர்ந்திருப்பது ஷாஃப்டின் கூம்பு முனையில்தான். அங்கே சரிவு 10-க்கு 1 அல்லது 12-க்கு 1 ஆக இருக்கும். படகு மெக்கானிக்குகள் ஷாஃப்டில் நீல மையை மெல்லியதாகத் தடவி, புரொப்பெல்லரை ஏற்றி இறக்கி, மை எங்கெங்கே ஒட்டியது என்று பார்த்துப் பொருத்தத்தைச் சரிபார்ப்பார்கள். லேத்தின் பின்தலையில் டிரில்லைத் தாங்கும் மோர்ஸ் டேப்பரும் இதே குலம். அதற்கு ஸ்க்ரூவே தேவையில்லை, கையால் வேகமாகச் செருகினால் பிடித்துக்கொள்ளும். சரிவு சிறியதாக இருந்தால் உராய்வே பூட்டாகிவிடுகிறது. 4 டிகிரியின் டேஞ்சன்ட் 0.07, காய்ந்த இரும்பின் உராய்வுக் கெழுவைக் குறைத்து வைத்தாலும் 0.15 வரும். உராய்வு சரிவை விடப் பெரியது என்பதால், ஸ்க்ரூவை எடுத்த பிறகும் புஷ் தானாக வெளியே வராது. கழற்றுவதற்கென்று தனித் துளை வைத்திருப்பது இதனால்தான்.

இந்த உராய்வைப் பற்றி நான் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு முன் வேறோர் இடத்தில், ஒரு மர அறுவை இயந்திரத்தில் நானே ஒரு ஹப்பை உடைத்தேன். கடலுக்கு அருகில் வேலை செய்பவர்களின் கை எதை மாட்டினாலும் முதலில் கிரீஸ் டப்பாவைத்தான் தேடும். உப்புக் காற்றில் இரண்டே வாரத்தில் போல்ட் இறுகிப்போவதைப் பார்த்துப் பழகிய நானும் அன்று புஷ்ஷின் கூம்பு முகத்தில் தாராளமாகக் கிரீஸ் தடவி, ஸ்க்ரூவைத் திருகும் அலன் கீயில் ஒரு குழாயைச் செருகி, நகர்வது நிற்கும்வரை இறுக்கினேன். ஸ்க்ரூ வழுக்கிக்கொண்டு இறங்கியபோது எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. மறுநாள் காலை புல்லியின் ஹப்பில், ஸ்க்ரூத் துளையிலிருந்து வெளிவிளிம்பு வரை ஒரு விரிசல் ஓடியிருந்தது. நல்லவேளையாக இயந்திரத்தை ஓட்டும் முன் கண்ணில் பட்டது. ஓட்டிய பிறகு அது சிதறியிருந்தால் பக்கத்தில் நின்றவர் கதி என்னவாகியிருக்கும் என்பதை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் நடந்தது புரிந்தது. 2517 புஷ்ஷையே எடுத்துக்கொள்வோம். அதன் அரை அங்குல ஸ்க்ரூவை 50 நியூட்டன் மீட்டருக்கு இறுக்க வேண்டும். முறுக்குவிசையை ஸ்க்ரூ விட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கால் வகுத்தால், அது தள்ளும் விசை தோராயமாகக் கிடைக்கும்: 50-ஐ 0.00254-ஆல் வகுக்க, ஏறத்தாழ 19,700 நியூட்டன், அதாவது 2 டன். இரண்டு ஸ்க்ரூவுக்கு 4 டன். இந்த 4 டன்னைச் சரிவும் உராய்வும் சேர்ந்த தொகையால், அதாவது 0.07-உம் 0.15-உம் கூட்டிய 0.22-ஆல் வகுத்தால், கூம்பு முகத்தில் சுற்றிலும் விழும் அழுத்தம் 18 டன் என்று வருகிறது. முகத்தில் கிரீஸ் தடவினால் உராய்வுக் கெழு 0.08 அளவுக்கு இறங்கிவிடும். அதே 4 டன்னை 0.15-ஆல் வகுக்க வேண்டும். அழுத்தம் 26 டன்னைத் தாண்டுகிறது. அளந்து இறுக்கினாலே இந்த நிலை என்றால், குழாய் போட்டு இறுக்கினால் என்ன ஆகும்? அந்த அழுத்தம் முழுவதும் ஹப்பை உள்ளிருந்து வெளியே பிளக்கப் பார்க்கிறது. வார்ப்பிரும்பு நசுக்குவதை நன்றாகத் தாங்கும், பிளவைத் தாங்காது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது அடுத்த கணக்கு. காய்ந்த முகத்தில் 18 டன் அழுத்தத்துக்கு 0.15 என்ற உராய்வில் கிடைக்கும் பிடிப்பு 2.7 டன். ஷாஃப்டிலும் கிரீஸ் இருந்தால், 26 டன்னுக்கு மேல் அழுத்தியும் 0.08 என்ற உராய்வில் கிடைப்பது 2.1 டன்தான். ஹப்பைப் பிளக்கும் விசை பாதி அளவு கூடிவிட்டது. ஷாஃப்டைப் பிடிக்கும் விசையோ குறைந்துவிட்டது. கிரீஸ் தடவியதால் நான் இரண்டு பக்கமும் இழந்தேன். காய்ந்த நிலையில் கிடைக்கும் 2.7 டன், 19 மி.மீ. ஆரத்தில் சுமார் 500 நியூட்டன் மீட்டரைத் தாங்கும். மோட்டார் தருவதோ 50. புஷ்ஷை மூடச்செய்வதில் அழுத்தத்தின் ஒரு பங்கு செலவாகிறது என்று கழித்தாலும் மிச்சம் ஏராளம். எனவே சுமையின் பெரும்பகுதியை இழுப்பது இந்தக் கவ்வல். கீ அதற்குத் துணையாக நிற்கிறது.

பொருட்களைப் பாரிமுனையில் வாங்கினேன். கடையில் புஷ்ஷோடு ஸ்க்ரூ தனிப் பையில் வரும். பையைப் பிரித்து எண்ணிப் பார்த்துவிட வேண்டும். என் பையில் ஒன்று குறைந்திருந்தது. பக்கத்துக் கடையில் வாங்கிய அரை அங்குல கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத ஸ்க்ரூ) இரண்டு சுற்றுக்கு மேல் இறங்க மறுத்தது. காரணம் மரை: பிரிட்டிஷ் விட்வொர்த் மரையில் அரை அங்குல ஸ்க்ரூவுக்கு ஓர் அங்குல நீளத்தில் 12 புரி, அமெரிக்க யு.என்.சி. மரையில் 13. எட்டில் மூன்று அங்குலத்திலும் எட்டில் ஐந்து அங்குலத்திலும் இரண்டு முறைகளுக்கும் புரி எண்ணிக்கை ஒன்றே என்பதால், இந்த வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. அரை அங்குலத்தில் கவனிக்காமல் பலவந்தமாகத் திருகினால் ஹப்பின் மரை போய்விடும். சரியான ஸ்க்ரூவுக்காக மறுநாளும் போய் வந்தேன்.

மோட்டார் ஷாஃப்ட் புதிதாக இருக்கும்போது கே6 என்ற தர அளவில், 38.002 முதல் 38.018 மி.மீ. வரை இருக்க வேண்டும். மைக்ரோமீட்டரில் மூன்று இடங்களில் அளந்ததில் மிகத் தேய்ந்த இடம் 37.95 இருந்தது. வெட்டுள்ள புஷ் மூடிக்கொண்டு இந்த அளவு குறைவை ஏற்றுக்கொள்ளும். மேடாக நின்ற காயங்களை மட்டும் மெல்லிய அரத்தால் நீக்கி, எமரித் தாளால் சுற்றிலும் துடைத்தேன். கிரஷர் ஷாஃப்டை அப்படி விட முடியவில்லை. கீவேயின் ஒரு சுவர் உடைந்திருந்தது, விட்டமும் 49.4-க்கு வந்திருந்தது. பற்றவைத்துக் கடையலாம் என்று உரிமையாளர் சொன்னார். முள் ஷாஃப்டில் பற்றவைத்த இடத்தருகே அடி விழுந்தால் அதே விளிம்பில் முறியும் என்று சொல்லி, ஈ.என். 8 என்ற எஃகுக் கம்பியில் புதிய ஷாஃப்ட் கடைய அம்பத்தூரில் எனக்குத் தெரிந்த லேத் மேஸ்திரியிடம் கொடுத்தேன். ஐ.எஸ். 2048 என்ற இந்தியத் தரநிலை அட்டவணைப்படி 50 மி.மீ. ஷாஃப்டுக்கு 14-க்கு 9 கீ (அகலம் 14, உயரம் 9 மி.மீ.), ஷாஃப்டில் ஆழம் 5.5 மி.மீ.; 38-க்கு 10-க்கு 8 கீ, ஆழம் 5 மி.மீ. இரண்டுமே இணைப் பக்கக் கீ. பக்கங்கள் இறுக்கமாகவும், மேலே சிறிது இடைவெளியோடும் இருக்க வேண்டும். கீ மேலே முட்டினால் கூம்பு கவ்வுவதற்கு முன் கீ கவ்விவிடும்; அப்படியானால் மறுபடியும் ஜிப் கீயின் கதைதான்.

பொருத்தும் நாளில் காலையிலேயே தொடங்கினோம். புஷ்ஷின் உள்ளும் புறமும், புல்லியின் கூம்புத் துளை, ஷாஃப்ட் என எல்லா முகங்களையும் தின்னரால் கழுவி, நூல் உதிராத துணியால் துடைத்து, காய விட்டோம். புதிய புஷ்ஷில் துருப்பிடிக்காமல் இருக்க ஆலையில் பூசிய எண்ணெய் இருக்கும். அதையும் எடுத்தாக வேண்டும். உதவிக்கு இருந்த தம்பி, பழக்கத்தில் கையில் கிரீஸோடு வந்து, “கொஞ்சமாச்சும் தடவிடலாமாண்ணா, உப்புக் காத்துல புடிச்சிக்கும்” என்றான். “ஸ்க்ரூ மரையில ஒரு சொட்டு எண்ணெய் விடுப்பா, கூம்புல மட்டும் வேணாம்” என்று சொல்லி, பழைய ஹப்பின் விரிசல் கதையை அவனுக்கும் சொன்னேன்.

புஷ்ஷை ஹப்பில் தளர்வாக வைத்து, துளைகளை நேராக்கி, ஸ்க்ரூவை இரண்டு புரி மட்டும் ஏற்றி, இரண்டையும் சேர்த்தே ஷாஃப்டில் தள்ளினேன். புல்லி இறுகும்போது வெளிப்பக்கமாக, நம்மை நோக்கிச் சிறிது நகரும். புஷ் முதலில் ஷாஃப்டைப் பிடித்துவிட, ஹப் அதன் கூம்பில் ஏறி வருவதால் இது நடக்கிறது. மோட்டார்ப் பக்கம் ஏறத்தாழ ஒன்றரை மி.மீ. நகர்ந்தது. இதை எதிர்பார்த்துப் புல்லியை முன்கூட்டியே உள்ளே தள்ளி வைத்தேன்; இல்லையென்றால் இறுக்கி முடித்த பிறகு நேர்கோடு தவறிப் போயிருக்கும்.

இறுக்குவதைப் படிப்படியாகச் செய்தேன். டார்க் ரெஞ்சில் 6 மி.மீ. அலன் முனையை மாட்டி, இரண்டு ஸ்க்ரூவையும் மாறி மாறி முதலில் 20, பிறகு 35, கடைசியாக 50 நியூட்டன் மீட்டருக்குக் கொண்டுவந்தேன். அதன்பின் ஒரு கட்டைத் துண்டைப் புஷ்ஷின் அகன்ற முகத்தில் வைத்து மரச்சுத்தியால் நாலு பக்கமும் தட்டினேன். தட்டிய பிறகு ஸ்க்ரூ மறுபடி கால் சுற்று இறங்கியது. மீண்டும் தட்டி, மீண்டும் இறுக்கினேன். மூன்றாம் முறை ரெஞ்ச் நகராமலே சொடுக்கியது. இந்தத் தட்டுதலை விட்டுவிட்டால், ரெஞ்ச் 50 காட்டியும் புஷ் முழுதாக அமராமல் இருக்கும். இயந்திரத்தின் அதிர்வில் அது அமரும்போது ஸ்க்ரூ தளர்ந்துவிடும். கிரஷர்ப் பக்கம் 3020-க்கு எட்டில் ஐந்து அங்குல ஸ்க்ரூ, 8 மி.மீ. அலன், 90 நியூட்டன் மீட்டர், முறை அதுவே. விளிம்பில் டயல் கேஜ் வைத்தேன். முன்பு 0.8 ஆடிய முள் இப்போது 0.1-க்குள் நின்றது.

தம்பி கேட்ட உப்புக் காற்றுக்கு விடை இந்த இடத்தில்தான் வருகிறது. முழுதாக இறுக்கிய பிறகு, காலியாக இருந்த கழற்றும் துளையிலும் ஸ்க்ரூக்களின் தலைக்குழியிலும் கிரீஸை நிறைத்து அடைத்தேன். புஷ்ஷும் ஹப்பும் சேரும் வட்டத்தின் மேலும், வெட்டின் வாயிலும், ஷாஃப்ட் வெளியே வரும் இடத்திலும் கிரீஸைத் தடவினேன். உள்ளே முகங்கள் காய்ந்தே இருக்கின்றன. வெளியே தண்ணீர் புக வழியில்லை. கிரஷரைச் சுற்றி நாள் முழுக்க உருகிய ஐஸ் தண்ணீர் வழியும் என்பதால், இந்த அடைப்பை மாதம் ஒருமுறை புதுப்பிக்கச் சொன்னேன்.

இரண்டு புல்லி முகங்களிலும் நாலு புள்ளியும் தொடும்படி நூல் பிடித்து மோட்டாரை நேராக்கினேன். மையத் தூரம் 700 மி.மீ.; பெல்ட்டின் தொங்கும் நீளம் 690. மீட்டருக்கு 16 மி.மீ. என்ற கணக்கில், நடுவில் 11 மி.மீ. அமுங்க வேண்டும். அதற்கான இழுப்பை, மீன் எடை போடும் ஸ்பிரிங் தராசையே மாட்டிப் பார்த்தோம். புதிய பெல்ட் சீக்கிரம் நீளும் என்பதால், ஒரு பெல்ட்டுக்கு 5 கிலோவுக்குச் சற்று மேலாகவே வைத்தேன்.

சுமையில்லாமல் அரை மணி ஓட்டிய பிறகு ஸ்க்ரூவைப் பார்த்தேன், அசையவில்லை. பத்து ஐஸ் பார் உடைத்த பிறகு மறுபடி பார்த்தேன். மோட்டார்ப் பக்கம் ஒரு ஸ்க்ரூ மட்டும் மயிரிழை இறங்கியது. ஜூன் 15-ல் படகுகள் கிளம்பின. அடுத்த வாரமும் மாத முடிவிலும் போய்ப் பார்த்தேன். ஹப் ஓரத்தில் வெள்ளைத் துணியால் துடைத்தால் கிரீஸின் கறுப்புத்தான் வந்தது, செம்பொடி இல்லை.

ஆகஸ்டில் மோட்டாருக்குப் புதிய பேரிங் போட வேண்டி வந்தது. பெல்ட்டைத் தளர்த்தி, இரண்டு ஸ்க்ரூவையும் எடுத்து, ஒன்றின் மரையில் எண்ணெய் விட்டுக் கழற்றும் துளையில் போட்டுத் திருகினேன். முக்கால் சுற்றில் “டக்” என்று ஒரு சத்தம், புஷ் விடுபட்டது. சுத்தியல் பக்கத்திலேயே இல்லை. வெளியே எடுத்த புஷ்ஷின் கூம்பு முகம் சாம்பல் நிறத்தில், காய்ந்து, முழுச் சுற்றிலும் ஒரே சீரான பிடிப்புத் தடத்தோடு இருந்தது. அதைத் தம்பியின் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். அவன் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, நான் கேட்காமலே தின்னர் பாட்டிலை எடுத்து வந்தான்.